வாடை போன பிறகு

நச்சு வாயு கசிந்தால் காற்றை அளக்கிறோம், கடல்நீரை அளக்கிறோம், அபராதம் எவ்வளவு என்று கணக்குப் போடுகிறோம். அதைச் சுவாசித்தவர்களின் கணக்கு யாரிடம் இருக்கிறது?

2023 டிசம்பர் 26. சுனாமி நினைவு நாள். கடலோரக் குப்பங்கள் பாலும் பூவும் கடலில் விட்டு, பறிகொடுத்தவர்களை நினைத்து அழுது ஓய்ந்த நாள். எண்ணூர் பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் ஊர் அடங்கி நெடுநேரம் ஆகியிருந்தது. நள்ளிரவு நெருங்கும்போது கரையை ஒட்டிய கடல் கொதிப்பதுபோல் குமிழியிட்டது. காரமான நெடி வீடுகளுக்குள் நுழைந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை அடைத்தது, நெஞ்சைப் பிடித்து அழுத்தியது. என்ன வாயு என்று பலருக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கம் ஓடினால் தப்பலாம் என்றும் தெரியவில்லை. தூங்கிய பிள்ளைகளை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு பைக்கிலும் ஆட்டோவிலும், எதுவும் கிடைக்காதவர்கள் நடந்தும் ஊரைக் காலி செய்தார்கள். பத்தொன்பது ஆண்டுக்கு முன் இதே தேதியில் கடலுக்குப் பயந்து ஓடிய மக்கள், இந்த முறை காற்றுக்குப் பயந்து ஓடினார்கள்.

கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து திரவ அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் உடைந்திருந்தது. 50 பேருக்கு மேல் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். விடிவதற்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளவுக் கருவிகளோடு வந்து சேர்ந்தது. ஆலை வாசலருகே ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அமோனியா. இருக்கலாம் என்று அனுமதித்த அளவு 400. குழாய் உடைந்த இடத்துக் கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம். அனுமதித்த அளவு 5. தொழில்நுட்பக் குழு விசாரித்தது. டிசம்பர் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயலில் பாறைகள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கக்கூடும் என்றது. கால் மணி நேரத்தில் சுமார் 67 டன் அமோனியா வெளியேறியதாகக் கணக்கிட்டது. சுற்றுச்சூழல் இழப்பீடாக 5.92 கோடி ரூபாய் விதிக்கப்பட்டது.

காற்றுக்கு ஒரு எண், கடலுக்கு ஒரு எண், வெளியேறிய வாயுவுக்கு ஒரு எண், அபராதத்துக்குத் தசமப் புள்ளியோடு ஒரு எண். மருத்துவமனைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பதுதான் மனிதர்களைப் பற்றி மிஞ்சிய ஒரே எண். யார் எந்தத் தெருவில், எத்தனை நிமிடம் அந்தக் காற்றைச் சுவாசித்தார்கள்? ஊரை விட்டு ஓடி, மருத்துவமனைக்கே போகாமல் உறவினர் வீட்டில் இருமிக்கொண்டு கிடந்தவர்கள் எத்தனை பேர்? ஏற்கெனவே ஆஸ்துமா இருந்த பிள்ளைக்கு மறு மழைக்காலத்தில் என்ன ஆயிற்று? வலை இழுக்கும்போது முன்பு வாங்காத மூச்சு இப்போது வாங்குகிறதா? இவற்றுக்கு விடை தேடிப் போனால் திறந்து பார்க்க ஒரு பதிவேடு கிடையாது. அது இல்லாதது ஏதோ ஒரு அலுவலகத்தின் மறதி என்று தோன்றலாம். ஆனால் ரசாயனக் கசிவை நாம் புரிந்துகொண்டிருக்கும் விதத்திலேயே கோளாறு இருக்கிறது. வாடை அடங்கினால் விபத்து முடிந்தது என்று எண்ணுகிறோம். உடம்பைப் பொறுத்தவரை அப்போதுதான் கணக்கு தொடங்குகிறது. அந்தக் கணக்கை எழுதும் வேலையை மாசு வாரியத்திடமோ ஆலையிடமோ விட்டுவைக்காமல் பொதுச் சுகாதாரத் துறை கையில் எடுக்கவேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

■ பெட்டிச் செய்தி: அமோனியா என்ன செய்யும்?

மைனஸ் 33 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் பொருள். காற்றைவிட லேசான வாயு என்றாலும், குளிர்ந்த திரவமாகக் கசியும்போது வெண்மூட்டமாகத் தரையோடு தவழும். ஈரம் எங்கிருக்கிறதோ அங்கே கரையும்: கண், மூக்கு, தொண்டை, நுரையீரல். கரைந்ததும் காரமாக மாறிச் சுடும். அதிக அளவில் சுவாசித்தவருக்கு நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம். ஒரே ஒருமுறை கடுமையாகச் சுவாசித்ததிலேயே ஆஸ்துமா போன்ற மூச்சுக்குழல் கோளாறு நிலைத்துவிடுவதும் உண்டு. உர ஆலையில் மட்டும்தான் இது இருக்கிறது என்று நினைக்கவேண்டாம். ஐஸ் ஃபேக்டரி, குளிர்பதனக் கிடங்கு, மீன் பதப்படுத்தும் ஆலை எல்லாவற்றிலும் குளிரூட்டுவது பெரும்பாலும் இதுதான்.

போபால்: எண்ணாமல் விட்டதன் விலை

பதிவேடு என்றதும் காகித வேலை என்று அலுத்துக்கொள்பவர்கள் போபாலைப் பார்க்கவேண்டும். 1984 டிசம்பர் 2 நள்ளிரவு, யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மெதில் ஐசோசயனேட் நகரத்தின் மேல் படர்ந்தது. 1989இல் 47 கோடி டாலருக்கு உடன்பாடு எழுதப்பட்டபோது கணக்கில் இருந்த சாவு சுமார் 3,000, காயம்பட்டவர்கள் சுமார் 70,000. அந்தத் தொகை போதாது என்று 2010இல் மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் மறுசீராய்வு மனு போட்டது. அப்போது அது காட்டிய கணக்கில் சாவு 5,295, காயம்பட்டவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். கூடுதலாகக் கேட்ட தொகை 7,844 கோடி ரூபாய். 2023 மார்ச் 14 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. இருபதாண்டுக்கும் மேல் கழித்து இதை ஏன் கிளப்புகிறீர்கள் என்பது நீதிமன்றம் கேட்ட கேள்விகளில் ஒன்று. 70,000 எங்கே, 5 லட்சம் எங்கே? இவ்வளவு பெரிய இடைவெளியை வழக்கறிஞர் திறமையில் அடைக்க முடியாது. முதல் வாரத்திலேயே வார்டு வார்டாக, வீடு வீடாக எழுதப்பட்ட ஒரு பேரேடு இருந்திருந்தால் உடன்பாடு எழுதியவர்கள் வேறொரு எண்ணிலிருந்து தொடங்கியிருப்பார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சும்மா இருந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1985இலேயே பாதிக்கப்பட்ட பகுதிகளில் சுமார் 80,000 பேரையும், ஒப்பிட்டுப் பார்க்கப் பாதிப்பில்லாத பகுதிகளில் சுமார் 16,000 பேரையும் தேர்ந்து ஆய்வைத் தொடங்கியது. உலகில் எந்தத் தொழில் விபத்துக்கும் எளிதில் அமையாத அளவிலான ஆய்வு அது. ஆனால் 1994இல் கழகம் அதிலிருந்து விலகியது. மாநில அரசின் மையம் ஒன்று பின்தொடர்தலைத் தொடர்ந்தாலும் பழைய வேகமும் வீச்சும் இல்லை. சுற்றுச்சூழல் நலனுக்கான தேசிய ஆராய்ச்சி நிறுவனம் போபாலில் தொடங்கப்பட்டது 2010இல். கருவில் இருந்தபோது அந்தக் காற்றுக்கு ஆளான பிள்ளைகளுக்கு அப்போது 25 வயது. மெதுவாக வரும் நோய்கள் தலைகாட்டும் காலத்தில்தான் கண்காணிப்பின் கை தளர்ந்தது.

செவேசோவில் உறைந்திருந்த ரத்தம்

போபாலுக்கு எட்டாண்டு முன்பு, 1976 ஜூலை 10 அன்று, இத்தாலியின் மிலான் நகருக்கு வடக்கே செவேசோ என்ற ஊரின் மேல் டையாக்சின் கலந்த புகை படிந்தது. உடனடியாக யாரும் சாகவில்லை. கோழிகளும் முயல்களும் செத்தன. பிள்ளைகள் முகத்தில் கொப்புளம் வந்தது. அங்கே நடந்த நிர்வாகக் குளறுபடிகள் கொஞ்சநஞ்சம் அல்ல. மக்களை வெளியேற்றவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. ஆனால் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார்கள். மண்ணில் படிந்த நஞ்சின் அளவை வைத்து ஊரை மூன்று மண்டலமாகப் பிரித்து, யார் எந்த மண்டலம் என்று எழுதினார்கள். தேசியோ மருத்துவமனையில் ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்தை எடுத்து, எஞ்சிய சீரத்தை உறைய வைத்துப் பத்திரப்படுத்தினார்கள். அன்றைக்கு ஒரு துளி ரத்தத்தில் டையாக்சினை அளக்கும் நுட்பமே கைவரவில்லை. பத்தாண்டு கழித்து அது வந்தபோது உறைந்த சீரம் தயாராக இருந்தது. 1990களில் தொடங்கிய செவேசோ பெண்கள் நல ஆய்வு அந்தச் சீரத்தை வைத்துத்தான் இன்றுவரை பேசுகிறது. அதிக டையாக்சின் ஏறிய தந்தையருக்குப் பெண்குழந்தைகள் கூடுதலாகப் பிறந்ததையும் இந்தச் சேமிப்பை வைத்தே பாவ்லோ மொக்காரெல்லி குழுவினர் காட்டினார்கள். என்ன கேள்வி கேட்கப் போகிறோம் என்று தெரியாத நாளிலேயே விடைக்கான சரக்கை எடுத்து வைத்தவர்கள் அவர்கள்.

எல்லா நஞ்சும் டையாக்சின்போல ஆண்டுக்கணக்கில் உடலில் தங்குவதில்லை என்பதுதான் நமக்குச் சிக்கல். 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினம் ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் கிடங்கிலிருந்து ஸ்டைரீன் வாயு பரவி 12 பேர் உயிரிழந்தார்கள். 500க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அபாயச் சங்கு ஒலிக்கவே இல்லை என்று மாநில அரசின் உயர்மட்டக் குழு பதிவு செய்திருக்கிறது. ஸ்டைரீன் உடலுக்குள் போனால் சிறுநீரில் மாண்டெலிக் அமிலமாக வெளியேறும். ஓரிரு நாளில் தடயமே இருக்காது. அமோனியா அந்தத் தடயத்தைக்கூட விட்டுவைப்பதில்லை. முதல் 48 மணி நேரத்தில் சிறுநீரும் ரத்தமும் எடுக்காவிட்டால், நுரையீரல் ஊதிப் பார்க்கப்படாவிட்டால், பிறகு எந்த நிபுணர் வந்தாலும் நோயாளியின் வாய்வார்த்தையைத் தவிர அவர் கையில் எதுவும் இருக்காது. வாய்வார்த்தைக்கு நீதிமன்றத்தில் என்ன மரியாதை என்பது போபாலில் ஓ.பி. சீட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பத்திரப்படுத்தியவர்களுக்குத் தெரியும்.

மில் தொழிலாளிகளின் நுரையீரல்

2005 ஜனவரி 6 அன்று அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலத்தில் கிரானிட்வில் என்ற மில் ஊரில் சரக்கு ரயில் தடம்புரண்டு சுமார் 60 டன் குளோரின் கொட்டியது. ஒன்பது பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்கு ஓடினார்கள். மாநிலச் சுகாதாரத் துறை பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலைத் திறந்து பின்தொடர்ந்தது. அதைவிடப் பயன்பட்டது யாரும் திட்டமிடாத ஒன்று. பஞ்சுத் தூசி பற்றிய அமெரிக்கச் சட்டப்படி ஜவுளி மில் தொழிலாளிகளுக்கு ஆண்டுதோறும் நுரையீரல் திறன் சோதிக்கப்பட்டு வந்தது. ஆகவே விபத்துக்கு முந்தைய ஆண்டுகளின் அளவு ஒவ்வொருவருக்கும் கையில் இருந்தது. விபத்துக்குப் பிந்தைய அளவை அதோடு வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், வயதாவதால் இயல்பாகக் குறையும் அளவைவிட நுரையீரல் திறன் கூடுதலாகச் சரிந்திருப்பதைக் காட்டினார்கள். ‘அவருக்கு ஏற்கெனவே பீடிப் பழக்கம்’, ‘முன்பே ஆஸ்துமா இருந்திருக்கும்’ என்று தட்டிக்கழிக்க வழியில்லாத சாட்சியம். கோவையிலும் திருப்பூரிலும் பஞ்சுத் தூசியை அறிந்த வாசகருக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. கசிவுக்குப் பிறகு எடுக்கும் அளவுக்கு உயிர் கொடுப்பது கசிவுக்கு முன் எடுத்து வைத்த அளவு. எண்ணூரிலும் கடலூர் சிப்காட்டைச் சுற்றியும் தூத்துக்குடியிலும் அந்த முன் அளவை எடுக்கவேண்டிய நேரம் அடுத்த கசிவு அல்ல, இன்று.

அமெரிக்காவைப் புனிதமாக்கவும் வேண்டியதில்லை. அங்கே நச்சுப் பொருட்கள் மற்றும் நோய்ப் பதிவேட்டுக்கென்றே ஒரு மத்திய முகமை இருக்கிறது. 1990 முதல் 2009 வரை அது சில மாநிலச் சுகாதாரத் துறைகளோடு சேர்ந்து ஒரு கண்காணிப்பு முறையை நடத்தியது. எந்தப் பொருள், எவ்வளவு, எங்கே, எதனால், காயம்பட்டவர் யார், பாதுகாப்புக் கவசம் அணிந்திருந்தாரா என்று ஒவ்வொரு கசிவையும் ஒரே படிவத்தில் எழுதியது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான நிகழ்வுகள் சேர்ந்தன. தலைப்புச் செய்தியாகும் பெருவிபத்துகள் அதில் அபூர்வம். முக்கால்வாசி ஆலைக்குள்ளும் கட்டடத்துக்குள்ளும் நடந்தவை. மீதி லாரியிலும் ரயிலிலும். பத்தில் ஒன்றுக்கும் குறைவான நிகழ்வுகளில்தான் யாருக்காவது காயம். அந்தக் காயங்களில் அமோனியாவும் குளோரினும் கார்பன் மோனாக்சைடும் திரும்பத் திரும்ப வந்தன. முதலில் அடிபட்டவர்கள் தொழிலாளிகள். அவர்களுக்கு அடுத்து அக்கம்பக்கத்தார். கூடவே காப்பாற்றப் போன போலீஸ்காரர்களும் தீயணைப்பு வீரர்களும். பள்ளி ஆய்வகத்தில் சிந்திய பாதரசம் முதல் நீச்சல்குளக் குளோரின் வரை, தனித்தனியாகப் பார்த்தால் தற்செயல் என்று தோன்றியதெல்லாம் ஒரே வரிசையில் வைத்தபோது ஒரு போக்காகத் தெரிந்தது. அந்தப் போக்கு தெரிந்த பிறகுதான் பயிற்சி யாருக்குத் தரவேண்டும், கவசம் யாருக்கு வாங்கவேண்டும் என்பது தெரிந்தது.

ஓட்டை அதிலும் உண்டு. நிகழ்ந்து 24 மணி நேரத்துக்குள் தெரிந்த பாதிப்பை மட்டுமே அது எண்ணியது. நாடு முழுவதும் பரவவும் இல்லை. 2009இல் நிறுத்தப்பட்டு வேறு பெயரில் தொடங்கிய அடுத்த திட்டமும் சில ஆண்டுகளில் முடங்கியது. விளைவு 2023இல் தெரிந்தது. பிப்ரவரி 3 அன்று ஒஹையோ மாநிலம் ஈஸ்ட் பாலஸ்தீனில் வினைல் குளோரைடு ஏற்றிவந்த ரயில் தடம்புரண்டது. மக்களிடம் வீடு வீடாக விசாரிக்க மத்திய முகமை அனுப்பிய 15 பேர் குழுவில் ஏழு பேருக்கே தொண்டை வலியும் தலைவலியும் இருமலும் வந்தன. நீண்டகாலப் பாதிப்பை ஆராய ஐந்தாண்டுக்கு ஒரு கோடி டாலர் என்று மத்திய அரசு அறிவித்தது 2025இல், இரண்டு ஆண்டு கழித்து. வசதியுள்ள நாடும் கண்காணிப்பைக் கைவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

■ பெட்டிச் செய்தி: சட்டத்தில் இருப்பது

போபாலுக்குப் பிறகு வந்தவை: 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1989 அபாயகர ரசாயனங்கள் தயாரிப்பு, சேமிப்பு, இறக்குமதி விதிகள், 1991 பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம், 1996 ரசாயன விபத்து விதிகள். பெருவிபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் ஆலை தெரிவிக்கவேண்டும். மத்தி, மாநிலம், மாவட்டம், உள்ளூர் என நான்கு அடுக்கு நெருக்கடிக் குழுக்கள் இருக்கவேண்டும். 1991 சட்டப்படி, ஆலையின் தவறு என்று நிரூபிக்காமலே மாவட்ட ஆட்சியரிடம் நிவாரணம் கேட்கலாம். விபத்து நடந்த ஐந்தாண்டுக்குள் மனு கொடுத்தாகவேண்டும். பெருவிபத்து அபாயமுள்ள ஆலைகள் நாட்டில் 1,861, பரவியுள்ள மாவட்டங்கள் 301 என்பது தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தரும் கணக்கு.

இவ்வளவு சட்டம் இருந்தும் ஏன் கணக்கு இல்லை?

சட்டங்கள் எல்லாம் பொருளைச் சுற்றி எழுதப்பட்டவை. எவ்வளவு சேமிக்கலாம், யார் உரிமம் தருவது, யாருக்குத் தகவல் சொல்வது, கசிந்தால் யார் கட்டுவது. மனிதர்கள் அதில் இறந்தோர், காயமடைந்தோர் என்ற தலைக்கணக்காக வருகிறார்கள், அறிக்கை போனதும் மறைகிறார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மருத்துவர்கள் இல்லை. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் பார்வை பெரும்பாலும் ஆலையின் மதில்சுவருக்குள். நோய்க் கண்காணிப்புக்கென்று 2004 முதல் நாடு தழுவிய திட்டம் இருக்கிறது. அது கிருமிகளுக்காகக் கட்டப்பட்டது. 2020 டிசம்பரில் ஆந்திராவின் ஏலூரில் 600க்கும் மேற்பட்டவர்கள் வலிப்பு வந்து தெருவிலும் வீட்டிலும் சரிந்தபோது அந்தக் குறை பளிச்சென்று தெரிந்தது. கொரோனாக் காலத்தில் எல்லோர் மனமும் வைரஸைத் தேடிப் போனது. ரத்தத்தில் ஈயமும் நிக்கலும் இருப்பதை எய்ம்ஸ் கண்டது. பிறகு சந்தேகம் பூச்சிமருந்தின் பக்கம் திரும்பியது. ரசாயனம் என்ற சாத்தியத்தையும் முதல் நாளே சரிபார்க்கும் பழக்கம் நம் கண்காணிப்பில் இல்லை.

இன்னொரு குறையும் உண்டு, அது மருத்துவர் மேசையில். இருமலோடு வருபவருக்கு நெபுலைசர் வைத்து, மாத்திரை எழுதி, சீட்டில் ‘மூச்சுத்திணறல்’ என்று முடித்துவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பத்தாவது பதிப்பில் ரசாயன வாயுவைச் சுவாசித்ததால் வரும் சுவாச நோய்களுக்கென்றே ‘ஜே 68’ என்று தனிக் குறியீடு இருக்கிறது. அந்த ஒரு குறியீடு எழுதப்பட்டால், மாவட்டத்தில் எத்தனை பேர், எந்தத் தேதியில், எந்த ஊரிலிருந்து என்று கணினியே சொல்லிவிடும். எழுதப்படாவிட்டால் அவர்கள் சளிப் பிடித்தவர்களின் கூட்டத்தில் கரைந்துபோவார்கள். 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே மீன் பதப்படுத்தும் ஆலையில் அமோனியா கசிந்து இருபதுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளிகள் மருத்துவமனைக்குப் போனார்கள். இத்தகைய ஆலைகளில் வேலை செய்பவர்களில் வடமாநிலத்திலிருந்து வந்தவர்கள் ஏராளம். ஊர் திரும்பிவிட்டால் அவர்களின் இருமலைத் தமிழ்நாடும் எண்ணாது, அவர்கள் மாநிலமும் எண்ணாது.

‘பீதியைக் கிளப்பாதீர்கள்’

இப்படிப் பதிவேடு திறந்தால் மக்கள் பயந்துபோவார்கள், வராத நோயை வந்ததாக நினைப்பார்கள் என்பது முதல் ஆட்சேபம். கூட்டப் பயத்தில் உடல் உபாதை வருவது உண்மைதான். மருத்துவ உலகம் அதை நன்றாகவே அறியும். ஆனால் பயத்தால் வந்த மயக்கத்தையும் வாயுவால் வந்த மயக்கத்தையும் பிரித்துச் சொல்ல வேறு என்ன வழி? யார் காற்று வீசிய திசையில் இருந்தார், யார் எதிர்த் திசையில் இருந்தார், ஆக்சிஜன் அளவு எவ்வளவு, நுரையீரல் எவ்வளவு ஊதியது என்று எழுதி வைத்தால்தான் பிரிக்க முடியும். எழுதாமல் விடும்போது வதந்தி தன் எண்ணைத் தானே எழுதிக்கொள்கிறது. ஈஸ்ட் பாலஸ்தீனில் நோய்வாய்ப்பட்டவர்கள் பயிற்சி பெற்ற விசாரணையாளர்கள். அவர்களை வதந்திக்கு மிரண்டவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது.

இழப்பீட்டுக்கு ஆசைப்பட்டுப் பொய்யாகப் பெயர் கொடுப்பார்கள், தொழில் முதலீடு ஓடிவிடும் என்பது அடுத்தது. ஆலை நிர்வாகங்கள் இதைச் சொல்வதில் வியப்பில்லை. அவர்கள் பார்வையில் நியாயமும் இருக்கிறது. இதற்குப் பதில் தூத்துக்குடியிலேயே இருக்கிறது. 2013 மார்ச் 23 காலை அந்நகர மக்கள் கண் எரிச்சல், தொண்டை எரிச்சல், இருமல் என்று புகார் சொன்னார்கள். மார்ச் 29 அன்று ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. வாயு எங்களிடமிருந்து வரவில்லை என்றது நிர்வாகம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆலையை மீண்டும் இயக்க அனுமதித்தது. அன்று காலை மருத்துவமனைகளுக்கு வந்தவர்களின் பெயர், தெரு, நேரம், அறிகுறி எல்லாம் ஒரே படிவத்தில் பதிவாகியிருந்தால், காற்றின் திசையோடு பொருத்திப் பார்த்து யார் சொல்வது உண்மை என்று ஒரு வாரத்தில் தெளிந்திருக்கும். மக்கள் சொன்னது சரி என்றால் மக்களுக்கு நன்மை; நிர்வாகம் சொன்னது சரி என்றால் நிர்வாகத்துக்கு நன்மை. உடனுக்குடன் எழுதிய பதிவேடு பொய்க் கோரிக்கையையும் தடுக்கும். பத்தாண்டு கழித்து வாய்மொழியாகப் பெயர் சேர்ப்பதைத்தான் யாரும் சரிபார்க்க முடியாது.

கடினமான ஆட்சேபம் மூன்றாவது: ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் ஒரே மருத்துவர் காய்ச்சலைப் பார்ப்பாரா, பிரசவத்தைப் பார்ப்பாரா, உங்கள் படிவத்தை நிரப்புவாரா? இதைத் தட்டிவிட முடியாது. ஆனால் தமிழ்நாட்டுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. 1939ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. மருத்துவமனைகளுக்கு வெளியே நோயைத் தேடிப் போவதற்கென்று தனி இயக்ககம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மூச்சை ஊதிப் பார்க்கும் கருவி ஒரு பிளாஸ்டிக் குழாயும் ஓர் அளவுகோலும்தான், மின்சாரம்கூட வேண்டாம். அபாயகர ஆலைகளைச் சுற்றியுள்ள ஊர்களில் மட்டும், ஆண்டுக்கு ஒருமுறை, அதே தன்னார்வலர் அதே வீட்டில் அதையும் ஊதச் சொல்லி எழுதினால் கிரானிட்வில் தொழிலாளிகளுக்குத் தற்செயலாகக் கிடைத்த முன் அளவு நமக்குத் திட்டமிட்டே கிடைக்கும். சாலை விபத்துகளை இடம், நேரம், வாகனம் என்று கணினியில் ஏற்றி எந்த வளைவில் அடிக்கடி விபத்து நடக்கிறது என்று கண்டுபிடித்த அரசுக்கு இது எட்டாத வித்தை இல்லை. செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. வசூலாகும் சுற்றுச்சூழல் இழப்பீட்டில் ஒரு பங்கைப் பத்தாண்டு உடல்நலக் கண்காணிப்புக்கென்று எழுதி ஒதுக்கலாம். அதை ஆலையின் மருத்துவமனையிடம் விடாமல் பொதுச் சுகாதாரத் துறை செலவிடவேண்டும்.

எண்ணூரில் அமோனியா வருவதற்கு மூன்று வாரம் முன்புதான் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் முகத்துவாரத்தில் பரவியிருந்தது. அதைப் பிளாஸ்டிக் மக்கில் மொண்டு, கையால் வழித்து எடுத்தவர்களில் பலர் மீனவர்கள். ஒரே மாதத்தில் ஒரே மக்களின் தோலில் எண்ணெயும் நுரையீரலில் அமோனியாவும். இரண்டுக்கும் தனித்தனி விசாரணை, தனித்தனி கோப்பு. இரண்டையும் சுமந்த உடம்புக்குக் கோப்பு இல்லை. அந்தக் கோப்பை இப்போதும் திறக்கலாம். அன்றைய மருத்துவமனைப் பதிவுகள் இருக்கின்றன, 108 ஆம்புலன்ஸ் அழைப்புகளின் பதிவு இருக்கிறது, எந்தத் தெருவில் யார் இருந்தார்கள் என்பது ஊருக்குத் தெரியும். 1991 சட்டம் தரும் ஐந்தாண்டு 2028 டிசம்பரில் முடிகிறது.

அதுவரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் ஊரில் நெடி வந்து யாரையாவது மருத்துவமனைக்கு அழைத்துப் போனால், ஊசி போட்டதும் கிளம்பிவிடாதீர்கள். என்ன வாயு, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று நான்கு விவரத்தை ஓ.பி. சீட்டில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அந்தச் சீட்டை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.